இரைச்சலின் முகவரி

கள்ளக்குறிச்சி நகருக்குள் ஒரு மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பியைக் கட்டி, மாலை ஏழு மணிக்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரைத் திருப்பினால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் ஒரு நீண்ட 'கொர்ர்ர்' தான். சென்னையும் கொச்சியும் கொழும்பும் அதற்கு அடியில் எங்கோ பேசிக்கொண்டிருக்கும். அதே ரிசீவர், அதே கம்பி, கூடவே ஒரு 12 வோல்ட் பேட்டரி. மூன்றையும் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையைத் தாண்டி, பக்கத்தில் மின்கம்பி இல்லாத ஒரு மேட்டில் விரித்துக் கேட்டால் அந்தக் கொர் இருக்காது. ஊரில் பாதி புரிந்த குரல் இங்கே முழுதாகப் புரியும்.

பலரும் இதை மலையின் உயரத்துக்குக் கணக்கு வைக்கிறார்கள். இந்த அலைவரிசையில் உயரம் செய்யும் வேலை குறைவு. 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன. அவற்றுக்கு ஆயிரம் மீட்டர் மலை ஒரு பொருட்டல்ல. மலையில் கிடைக்கும் லாபம் அங்கே இல்லாத ஒன்றால் வருகிறது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1976-ல்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் மின்சாரமும் தாமதமாக ஏறிய மலை அது. வாழ்ந்தவர்களுக்கு அது குறைதான், அதில் சந்தேகமே இல்லை. வானொலி கேட்பவருக்கு மட்டும் அந்தக் குறை இன்னும் கொஞ்சம் லாபமாக மிஞ்சியிருக்கிறது.

லாபத்துக்கு அளவும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 என்ற பரிந்துரை, மனிதர் உண்டாக்கும் இரைச்சலை நகரம், குடியிருப்பு, நாட்டுப்புறம், அமைதியான நாட்டுப்புறம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் சூத்திரம் தருகிறது. 7 மெகாஹெர்ட்ஸைப் போட்டுப் பார்த்தால் குடியிருப்புப் பகுதிக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் ஏறத்தாழ 20 டெசிபெல் இடைவெளி வருகிறது. திறனில் அது 100 மடங்கு. அலையின் வலிமையைக் காட்டும் ரிசீவரின் எஸ்-மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆக, ஊரில் எஸ்-6 காட்டும் முள் மலையில் எஸ்-3 பக்கம் இறங்கிவிடும். ஊரில் இருப்பவர் காதுக்கு எட்ட 100 வாட் வேண்டிய இடத்தில், மலையில் இருப்பவருக்கு 1 வாட் போதும். அந்தச் சூத்திரங்களின் அடிப்படை அளவீடுகள் பல பத்தாண்டு பழையவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை எடுக்கப்பட்டபோது வீடுகளில் எரிந்தது குண்டு பல்பு. இன்றைய ஊர் அதைவிட மோசம்.

ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் மின்னணுவியலும் விதிகளும் எழுதித் தேறி, உரிமம் வாங்கி, அழைப்புக்குறி பெற்ற பிறகுதான் அலைபரப்ப முடியும். பன்னிரண்டு வயதிலிருந்து இந்தத் தேர்வை எழுதலாம். எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அவர் தலைக்கு மேலே தொங்கும் மலிவான எல்இடி பல்போ எந்தத் தேர்வும் எழுதாமல் இரவு முழுக்க ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் இரைச்சல் புதிதல்ல. டெல்லி வானொலியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்த காலத்தில், காலை நேரத்தில் அடுக்களையில் மிக்சி ஓடினால் செய்தி 'கிர்ர்' என்று மூழ்கிப்போனதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. மிக்சி மோட்டாருக்குள் சுழலும் செப்புத் துண்டுகளைக் கார்பன் கட்டைகள் உரசும்போது பறக்கும் பொறிதான் காரணம். அதில் ஒரு நாகரிகம் இருந்தது: சட்னி அரைத்து முடித்தால் இரைச்சலும் முடிந்துவிடும். இன்றைய இரைச்சலுக்கு முடிவு நேரமே கிடையாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் விநியோகமாயின. கூடவே செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், பிஎல்டிசி மின்விசிறி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் வந்தன. 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்துத் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டம் இந்த வரிசையில் கடைசி. பலவும் மின்சாரத்தை மிச்சப்படுத்துபவை, ஒவ்வொன்றும் வர வேண்டியதுதான். எல்லாமே தவறு செய்பவையும் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே தொழில்நுட்பம் இருக்கிறது.

அதன் பெயர் ஸ்விட்சிங் பவர் சப்ளை. பழைய ரேடியோவில் கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைக் குறைத்துத் தந்தது. புதிய சாதனம் 230 வோல்ட்டை அப்படியே நேர்மின்னோட்டமாக்கி, ஒரு டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, அந்த வெட்டுத் துண்டுகளை விரல் நகம் அளவு டிரான்ஸ்பார்மரில் செலுத்துகிறது. எவ்வளவு கூர்மையாக வெட்டுகிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சமாகும், அவ்வளவு இரைச்சலும் பிறக்கும். ஒரு சார்ஜர் நொடிக்கு 60,000 முறை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோஹெர்ட்ஸ் எங்கே, ஹாம்கள் பேசும் 7,000 கிலோஹெர்ட்ஸ் எங்கே என்று தோன்றும். ஆனால் கூர்மையாக வெட்டிய அலையில் அதன் மடங்குகள் அத்தனையும் ஒளிந்திருக்கின்றன. 60-இன் 117-ஆம் மடங்கு 7,020. 118-ஆம் மடங்கு 7,080. 119-ஆவது 7,140. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கிய 7,000 முதல் 7,200 வரையிலான பகுதிக்குள் மூன்று மேடுகள் வந்து உட்கார்ந்துவிடும், விளிம்பில் நான்காவதும் நிற்கும். சார்ஜர் சூடேறி வெட்டும் வேகம் ஒரே ஒரு சதவீதம் நகர்ந்தால், 118-ஆவது மடங்கு 70 கிலோஹெர்ட்ஸ் நகரும். மாலையில் 7,080-ல் இருந்த மேடு இரவு உணவுக்குப் பின் 7,150-ல் இருப்பது இதனால்தான். இயற்கையான எந்த இரைச்சலும் இப்படி இடம் மாறி நடக்காது.

இந்த இரைச்சல் வெளியே கசியாமல் தடுக்க ஒவ்வொரு சாதனத்தின் வாசலிலும் சிறு சுருளும் இரண்டு மூன்று மின்தேக்கிகளும் வைக்க வேண்டும். வடிவமைத்தவர் வைத்திருப்பார். செலவைக் குறைக்க நினைத்த உற்பத்தியாளர் எடுத்திருப்பார். மலிவான பவர் சப்ளையைத் திறந்து பார்த்தால் சர்க்யூட் பலகையில் அந்தச் சுருளுக்கான இடம் அச்சிட்டபடியே இருக்கும், அதன் மேல் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். பொறியியல் தெரியாமல் நடந்த பிழையாக இதை என்னால் பார்க்க முடியவில்லை. சில ரூபாய்க் கணக்கு அது.

இனி, கொர் கேட்கும் ஹாம் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, எதையாவது வாங்குவது. வடிகட்டி, புது ஆன்டெனா, சிலர் புது ரிசீவரே வாங்குகிறார்கள். அடுத்த வேலை, பக்கத்து வீட்டைச் சந்தேகிப்பது. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். குற்றவாளி சொந்த வீட்டிலேயே இருக்கும்.

தமிழ்நாட்டு வீட்டில் இந்தச் சோதனைக்குள் ஒரு பொறி இருக்கிறது. மெயினை இறக்கிய மறுநொடி வீட்டு இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு, விளக்கையும் விசிறியையும் தன் பேட்டரியிலிருந்து ஓட்டத் தொடங்கும். மின்சாரம் போனபின்னும் இரைச்சல் போகவில்லை, ஆகவே வெளியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடுவோம். சில சமயம் இரைச்சல் கூடவும் செய்யும், ஏனென்றால் இன்வெர்ட்டரும் ஒரு வெட்டும் எந்திரமே. அதையும் அணைக்க வேண்டும். இணைய மோடத்துக்குத் தனியாக ஒரு குட்டி பேட்டரி பெட்டி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் பகலிலும் இரவிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எல்லாம் செத்தபின் முள் இறங்கினால், பழைய வீட்டில் ஒவ்வொரு பீஸ் கட்டையாகவும் புது வீட்டில் ஒவ்வொரு டிரிப்பராகவும் ஏற்றிக்கொண்டே வரலாம். எந்தக் கிளையில் முள் துள்ளுகிறதோ அந்த அறை. பிறகு அறைக்குள் ஒவ்வொரு பிளக்காக. அரை மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் மெயினை இறக்க எந்த ஹாமுக்கும் துணிச்சல் வருவதில்லை, அதனால் பலருடைய கொர் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

மெயினை இறக்கியும் முள் இறங்கவில்லை என்றால் காதுக்கு வேலை வருகிறது. ஸ்விட்சிங் சப்ளை என்றால் ரிசீவரைத் திருப்பத் திருப்பச் சம இடைவெளியில் மேடு மேடாக வரும். மின்கம்பியில் பொறி பறந்தால் மேடு பள்ளம் இல்லாமல் எல்லா அலைவரிசையிலும் கரகரப்பாக இருக்கும். அந்தக் கரகரப்புக்கு நொடிக்கு 100 துடிப்பு, ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் மேலும் கீழுமாக இரண்டு முறை உச்சம் தொடுகிறது. கோடை இடி சடசடவென்று ஒழுங்கில்லாமல் விழும். அதை யாரும் அணைக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கல்வராயன் மேட்டில் உட்கார்ந்தாலும் அது துரத்தி வரும்.

இப்படிக் காதால் பிரித்தறிந்ததில்தான் வானொலி வானியலே பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடந்த தொலைபேசிக்கு இடைஞ்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை, பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கிக்கு வந்தது. பழைய ஃபோர்டு காரின் சக்கரங்கள் மேல் சுழலும் ஓர் ஆன்டெனாவைக் கட்டி, 20.5 மெகாஹெர்ட்ஸில் மாதக்கணக்கில் பதிவு செய்தார். பக்கத்து இடி, தூரத்து இடி என்று இரண்டைப் பிரித்தபின் மூன்றாவதாக ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' மிச்சமிருந்தது. அது தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. சூரியனோடு ஒட்டாமல் விண்மீன்களோடு நகர்ந்தது. பால்வெளியின் மையம் இருக்கும் தனுசு ராசியின் திசை அது என்று 1933-ல் அறிவித்தார். அதைத் தொடர்ந்து 1937-ல் சொந்தக் காசில் ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமுள்ள தட்டு ஆன்டெனாவைத் தன் வீட்டுக் கொல்லையில் எழுப்பியவர் குரோட் ரீபர். அவர் ஒரு ஹாம். அவருடைய பதிவுத் தாள்களிலும் வானத்தின் மேடுகளுக்கு நடுவே கார் எஞ்சின் பொறிகளின் குத்துகள் இருந்தன, அதனால் இரவில்தான் கேட்டார். கல்வராயன் மேல் 21 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரைத் திருப்பினால், அதே பி.372 கணக்குப்படி, கேட்கும் இரைச்சலில் மனிதர் பங்கைவிடப் பால்வெளியின் பங்கு அதிகம். அதற்குக் கீழே இறங்க எந்தக் கருவியாலும் முடியாது.

காதுக்கு அடுத்தது கடிகாரம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இரைச்சலுக்கு நேரம் எழுதிவைக்கிற பழக்கம் நிறையச் சொல்லிக் கொடுக்கும். விவசாயக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தொடங்கி, அது போகும் நேரத்தில் நின்றால், மோட்டார் ஸ்டார்ட்டர்களைப் பார்க்கலாம். மரவள்ளி அறுவடைக் காலத்தில் மட்டும் வந்தால் ஜவ்வரிசி ஆலைப் பக்கம், கரும்பு அரவைப் பருவத்தில் மட்டும் வந்தால் சர்க்கரை ஆலைப் பக்கம். அங்கெல்லாம் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்கள் இப்போது சாதாரணம். பொழுது சாய்ந்ததும் தொடங்கி விடியலில் நின்றால் தெருவிளக்கு. சூரியன் மேகத்துக்குள் போகும்போது இரைச்சலும் மாறினால் அதற்கு மேல் விசாரணை எதற்கு?

நேரம் கையில் இருந்தும் நீண்ட ஒரு வழக்கு உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிட்டது. ஒன்றரை ஆண்டு. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பொறியாளர்கள் காலையில் அலைமானியோடு தெருவில் நடந்தபோது, ஒரு வீட்டில் விழித்தவுடன் போடும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி அகப்பட்டது. 2020-ல் செய்தியான கதை இது. ஏழு மணி என்ற துப்பு கையில் இருந்தது, ஏழு மணிக்கு அலைமானியோடு அங்கே போய் நின்றது கடைசியில்தான்.

குற்றவாளியைக் கண்டபின் கேள்வி மாறுகிறது: இத்தனை சிறிய சார்ஜர் இத்தனை தூரம் எப்படி ஒலிபரப்புகிறது? சார்ஜருக்கு ஆன்டெனா இல்லை. அதோடு சேர்ந்த கம்பி இருக்கிறது. ஒழுங்கான இணைப்பில் ஒரு கம்பியில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்புகிறது, இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வடிகட்டி இல்லாத சாதனத்தில் இரு கம்பியிலும் ஒரே பக்கமாக ஓடும் ஒரு மின்னோட்டம் கூடுதலாகக் கிளம்பும். எதிர்ச்சோடி இல்லாததால் அது அப்படியே அலையாகப் போய்விடும். அளவு மைக்ரோஆம்பியர்களில்தான், ஆனால் அதுவே போதும். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர். கூரைச் சூரியத் தகட்டிலிருந்து கீழே இன்வெர்ட்டருக்கு இறங்கும் கம்பியும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான் இருக்கும். யாரும் திட்டமிடாமலேயே வீடு ஒரு நல்ல ஆன்டெனாவைக் கட்டி வைத்திருக்கிறது.

இந்த ஒரே பக்க ஓட்டத்தைத் தடுக்கத்தான் ஃபெரைட் வளையம். பழைய கணினித் திரையின் கேபிளில் கோலிகுண்டைப் போலப் புடைத்திருக்குமே, அதன் உள்ளே இருப்பது அதுதான். கம்பியை அதன் வழியாக ஒரு முறை நுழைத்தால் 7 மெகாஹெர்ட்ஸில் சில பத்து ஓம் தடைதான் கிடைக்கும், பயனில்லை. தடை, சுற்றுகளின் வர்க்கமாகக் கூடுகிறது: 10 சுற்றுக்கு ஒரு சுற்றைப்போல 100 மடங்கு. அதற்காக 30 சுற்று சுற்றிவிடவும் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கம், நாம் அடைத்த வழிக்குப் பக்கவழி திறந்துவிடும். ஃபெரைட் எல்லாமே கறுப்பாக ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கலவை வேறு. சிற்றலை வரிசைகளுக்கு மாங்கனீசு-துத்தநாகக் கலவையான 31 எண் வகையை ஹாம்கள் விரும்புகிறார்கள். 60 மில்லிமீட்டர் அகல வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று போட்டால் சில ஆயிரம் ஓம் கிடைத்துவிடும். கடையில் எண் தெரியாமல் விற்கும் வளையத்தை வாங்குவது சீட்டுக் குலுக்கல்.

'எர்த் சரியில்லை, ஆறடிக் கம்பி அடித்து எர்த் போடு, எல்லாம் போய்விடும்' என்று ஒரு யோசனை எப்போதும் யாராவது சொல்வார்கள். ஷாக் அடிக்காமல் காக்க எர்த் கட்டாயம் வேண்டும். இரைச்சலுக்கு அது மருந்தல்ல. மாடி அறையிலிருந்து தரைக்கு இறங்கும் எர்த் கம்பி பத்து மீட்டர் இருந்தால், மேலே சொன்ன அதே கால் அலைக் கணக்கு இங்கும் வேலை செய்யும். கீழ் நுனி மண்ணில் இருந்தாலும் மேல் நுனி 7 மெகாஹெர்ட்ஸுக்கு மண்ணோடு தொடர்பே இல்லாதது போல நடந்துகொள்ளும். கூடுதலாக ஓர் ஆன்டெனா கட்டியதுதான் மிச்சம்.

இதுவரை ஹாம் வாதியாக இருந்தார். பிரதிவாதியாகும் நாளும் வரும். அடிவாரக் கிராமம் ஒன்றில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழா என்று வைத்துக்கொள்வோம். மைக் செட் கட்டி, தெரு முழுக்கக் கம்பி இழுத்து, மரத்துக்கு மரம் குழாய் கட்டியிருக்கிறார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அம்மன் கோயில் குழாயில் வாத்து கத்துவது போல ஒரு குரல். மைக் செட்காரர் நேராக வீட்டுக்கு வருவார். "சார், நீங்க பேசறது எங்க குழாயில வருது சார். ஊர்ல எல்லாம் என்னத்தான் கேக்கறாங்க."

"நான் பேசறது வேற அலையாச்சேண்ணே" என்று பதில் சொல்வது சட்டப்படி சரி, ஊரில் குடியிருப்பவருக்குச் சரிவராது. நடப்பது என்னவென்றால், ஐம்பது மீட்டர் மைக் வயரும் நூறு மீட்டர் குழாய் வயரும் அலையை வாங்கிக்கொள்கின்றன. ஆம்ப்ளிஃபையரின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர், வலிமையான அலை வந்தால் டயோடு போல நடந்து அதைப் பேச்சாக மாற்றிவிடுகிறது. ஹாம்கள் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் அடிப்படை அலையை நீக்கிவிட்டு அனுப்புவதால், இப்படித் திருட்டுத்தனமாகப் பிரித்தெடுத்த பேச்சு சிதைந்து வாத்தாகிறது. குறையைத் தேட இங்கே ஓர் அழகான சோதனை உண்டு. ஹாம் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் செட்காரர் ஒலிக் குமிழை முழுதாகக் குறைக்க வேண்டும். வாத்தும் குறைந்தால் அலை மைக் வயர் வழியாக, குமிழுக்கு முன்னால் நுழைகிறது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் வாத்து அதே சத்தத்தில் கத்தினால், நுழைவது குழாய் வயர் வழியாக, குமிழுக்குப் பின்னால். எந்த வயரில் ஃபெரைட் போடுவது என்பது இதிலேயே முடிவாகிவிடும். ஹாம் தன் பக்கத்தில் ஆன்டெனாவின் அடியிலேயே ஒரு ஃபெரைட் சோக் போட்டு, கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் அலை திரும்பி ஓடாமல் தடுக்கலாம். திருவிழா முடியும்வரை பேசாமல் இருப்பது இன்னும் எளிது. மூன்று நாள் மௌனத்துக்கு மூன்று ஆண்டு நல்லுறவு கிடைக்கும்.

மலையடிவாரத்துக்கே உரிய இன்னொரு இரைச்சல், நொடிக்கு ஒன்று வீதம் விழும் 'டக்... டக்...'. காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் காக்கும் சோலார் வேலி அது. அதன் பெட்டி மிகக் குறுகிய உயர் அழுத்தத் துடிப்பைக் கம்பியில் அனுப்பும். அடுத்த துடிப்புக்கு முன் ஒரு நொடியாவது இடைவெளி விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி, விலங்கோ மனிதரோ கையை எடுத்துக்கொள்ள அவகாசம் வேண்டுமல்லவா. மெயின் லைனிலிருந்து நேரடியாகக் கம்பியில் மின்சாரம் கொடுக்கும் திருட்டு வேலி கொலைக் கருவி. அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. நல்ல நிலையிலுள்ள சோலார் வேலி அதிகம் கத்தாது. டக் டக் பலமாகக் கேட்டால், எங்கோ வளர்ந்த புல் கம்பியைத் தொட்டுப் பொறி பறக்கிறது, அல்லது வெடித்த இன்சுலேட்டர் வழியாகத் துடிப்பு கம்பத்துக்குத் தாவுகிறது. அந்த இடத்தில் வேலிக்கு வலு இல்லை, பன்றி நுழைந்துவிடும். ஆகவே ஹாம் போய்ச் சொன்னால் விவசாயி கோபப்பட வேண்டியதில்லை. இரைச்சல் வழக்குகளில் இரு தரப்புக்கும் லாபம் கிடைக்கும் அபூர்வமான வகை இது.

மிச்சமிருப்பது மின்வாரியக் கம்பி. இது நீளமான வேட்டை. கம்பத்தில் தளர்ந்த போல்ட்டுக்கும் அதன் வாஷருக்கும் நடுவே தாளளவு இடைவெளி, அதில் ஒவ்வொரு உச்சத்திலும் ஒரு பொறி. 1880-களில் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் செய்த பொறிப் பரப்பியும் அடிப்படையில் இதுவே. கம்பியே ஆன்டெனாவாக இருப்பதால் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் கம்பியோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திருப்பிக்கொண்டு நடந்தால், உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சலின் திசையைப் பார்க்கும்போது சத்தம் சட்டென்று குறையும். ஆனால் கம்பிக்கு அடியில் போய்விட்டால் அந்தத் திசைகாட்டல் பொய் சொல்லும், ஏனென்றால் கம்பி முழுவதுமே கத்திக்கொண்டிருக்கும். அங்கே தந்திரத்தை மாற்ற வேண்டும்: நெருங்க நெருங்க அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போவது. உயர்ந்த அதிர்வெண் இரைச்சல் வெகுதூரம் போகாது. 7 மெகாஹெர்ட்ஸில் ஊரெல்லாம் கேட்ட கொர், 145 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மூன்று கம்பங்களுக்குள் அடங்கிவிடும். இன்ச் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் மாட்டிச் செய்யும் மூன்று உறுப்பு யாகி ஆன்டெனா இதற்குப் போதும். ரிசீவர் ஏ.எம். முறையில் கேட்பதாக இருக்க வேண்டும். வழக்கமான எஃப்.எம். வாக்கி-டாக்கி அலையின் ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடும், அதில் இந்த இரைச்சல் தெரியாது.

சந்தேகக் கம்பம் கிடைத்ததும் அதை உதைத்துப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது என்று ஒரு பழைய வித்தை உண்டு. ஆட்டினால் இரைச்சல் மாறும், உண்மைதான். தளர்ந்த போல்ட்டுக்கு மேலே 11 கிலோவோல்ட்டோ 22 கிலோவோல்ட்டோ ஓடுகிறது என்பதும் உண்மை. தொடக் கூடாது.

மின்வாரியத்தில் போய் 'ரேடியோவில் இரைச்சல்' என்றால் அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. ஊழியர் பற்றாக்குறையில் ஓடும் அலுவலகத்தில் அப்படித் தோன்றாததைக் குற்றமாகவும் சொல்ல முடியாது. 'இன்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து இன்ன எண் கம்பத்தில் பொறி பறக்கிறது, காய்ந்த நாட்களில் இரவு முழுக்க, மழையில் நிற்கிறது' என்று எழுதிக் கொடுத்தால் லைன்மேனுக்கு வேலை புரியும். பொறி பறக்கும் இடம் ஒருநாள் கருகி அறுந்து விழும் இடம் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மழையைக் குறிப்பிடுவது முக்கியம். தளர்ந்த இரும்பு, ஈரத்தில் இடைவெளி அடைபட்டு வாயை மூடும், வெயிலில் மறுபடி திறக்கும். பீங்கான் இன்சுலேட்டரில் ஆலைக் கரியும் தூசியும் படிந்திருந்தால் நேர்மாறாக, பனி விழும் மார்கழி விடியலில்தான் சத்தம் கூடும். முதலாவதற்கு ஸ்பேனர் வேண்டும், இரண்டாவதற்குக் கழுவவோ மாற்றவோ வேண்டும். லைன்மேன் எதை எடுத்துக்கொண்டு ஏறுவது என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கும்.

வேலை முடிந்தது என்று தகவல் வந்தபின் போய்ச் சோதிக்கும்போதும் அதே எச்சரிக்கை. ஐப்பசியில் மழை பெய்த மறுநாள் காலை கம்பத்தடியில் நின்று, ரிசீவர் அமைதியாக இருக்கிறது என்று நன்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், தையில் அதே கம்பத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். ஒரு வாரம் வெயில் காயட்டும். அதன் பிறகும் முள் எஸ்-3-லேயே நின்றால் கையெழுத்துப் போடலாம்.